கானாமுய் கோட்டையில் விழுந்தது

நாஹா நகரத்துக்குப் பாதி நாள், கானாமுய் கோட்டைக்கு முக்கால் மணி நேரம், வடக்கே யன்பாரு காட்டில் ஒரு ராத்தங்கல். எங்கள் தீவைப் பார்த்து முடிக்க இது போதும் என்று டோக்கியோவில் உட்கார்ந்து எவனோ முடிவு செய்திருந்தான். நான் வெறும் பஸ் டிரைவர். என்னை யார் கேட்டார்கள்?

அந்த மழைக்காலத்திலும் வழக்கம்போல் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுற்றிலும் இருந்த கரும்புத் தோட்டங்களில் புழுக்கம் கிளம்பி மூச்சை அடைத்தது. பயணிகளைக் கூட்டி வந்த குரோசாகி, இறங்கும்போதே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். டோக்கியோ மனிதர். அதைத் தவிர வேறு வேலை தெரியாது அவருக்கு.

கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவள் என் தங்கை சிஸுரு. எங்கள் கம்பெனியில் கைடு வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளைக் கையுறை, சின்னத் தொப்பி, கம்பெனி கொடுத்த நீலச் சீருடை. வாய் ஓயாத பெண். மைக் இல்லாவிட்டாலும் பேசுவாள், ஆள் இல்லாவிட்டாலும் பாடுவாள்.

கோட்டைக்குள் பழைய கிணற்றுக்கு இறங்கும் கல்படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அங்கேதான் விழுந்தாள்.

நான் ஓடிப் போய்த் தூக்கினேன். எங்கும் அடி இல்லை. முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணே, யாரோ பின்னால இருந்து சட்டையப் புடிச்சு இழுத்தாங்க."

பின்னால் யாரும் இல்லை. ஈரக் கல்லும் பாசி வாடையும்தான்.

எங்கள் தீவில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். திடுக்கிட்டால் மபுய் விழுந்துவிடும். மபுய் என்றால் உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு எழுந்து நடந்து போகும், மபுய் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அங்கேயே தரையைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்சோடு சேர்த்து வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் குரோசாகி தரவில்லை.

"ரத்தம் வரலையே? அப்புறம் என்ன? எல்லாரையும் ஏறச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க சார். கீழ போய் அவளக் கூப்பிட்டுட்டு வந்துடறேன்."

"அவங்கதான் இங்க நிக்கிறாங்களே! நீங்க யாரக் கூப்பிடப் போறீங்க?"

பயணிகள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

காட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிஸுரு வாயைத் திறக்கவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். கடலைப் பார்க்கவில்லை, சன்னல் கண்ணாடியை மட்டும் பார்த்தாள். விடுதியில் பாகற்காய் வறுவலும் சோறும் அவள் முன்னால் ஆறிப் போயின. மறுநாள் காட்டுப் பாதையில் நின்று அவள் பேசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிய சத்தம்தான் கேட்டது.

"கம்பெனிக்குச் சொல்லத்தான் போறேன்" என்றார் குரோசாகி. சொல்லித் தொலையட்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தோமி அவள் கண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"விழுந்தாளா? விழுந்த இடத்துலயே விட்டுட்டு வந்தியா? உனக்கு மூளை இருக்கா? நாள் போகப் போக மபுய்க்கு வீட்டு வழி மறந்துடும்னு தெரியாது? போ, அவ அன்னிக்கு உடுத்தியிருந்ததை எடுத்துக்கிட்டு உடனே போ!"

உடனேயாம். மேனேஜர் லீவு தர மாட்டேன் என்றார். கெஞ்சி வாங்கினால் புயல் வந்து சாலையை மூடிவிட்டது. புயல் போனால் மலைச்சரிவு. திருப்பி அனுப்பிய போலீஸ்காரனிடம் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரை உதைத்தேன். இதற்குள் சிஸுரு தண்ணீர் குடிப்பதையும் மறந்துவிட்டாள். தோமி கரண்டியால் ஊட்டினால் பாதி வழிந்துவிடும்.

கடைசியில் ஒரு பிற்பகல் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். படிக்கட்டில் அந்த நீலச் சீருடையை விரித்தேன். சின்னக் கற்களைப் பொறுக்கி அதன் நடுவில் வைத்தேன். தரையைத் தட்டினேன்.

"வாம்மா. வீட்டுக்குப் போகலாம். வா."

கிணற்றுக்குள் ஏதோ புரண்டது.

சீருடை கனத்தது.

கற்களின் கனம் இல்லை அது. தூங்கும் பிள்ளையைத் தூக்கினால் தோளில் விழுமே, அந்தக் கனம். அழுதுவிட்டேன். சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பின்னால் படிக்கட்டில் காற்று கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சிஸுருவின் தோளில் சீருடையைப் போர்த்தியதும் அவள் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள்.

"பசிக்குது."

தோமி அடுப்படிக்கு ஓடினாள். அன்று எங்கள் வீட்டில் திருவிழா.

மறு வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். குரல் கணீரென்று இருந்தது. புதிதாகச் சேர்ந்தவளின் தடுமாற்றம் இல்லை. ஆனால் வண்டியில் ஏறச் சொன்னால், சுற்றிக்கொண்டு என் பக்கம், வலப்பக்கம் வந்து நின்றாள். கதவே இல்லாத இடத்தில் தகரத்தைத் தட்டினாள்.

"கதவத் திறங்க, டிரைவர்."

'டிரைவர்' என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

"விளையாடாத சிஸுரு. அந்தப் பக்கம் வா."

அவள் தகரத்தைத் தடவிப் பார்த்தாள். கதவை யாரோ திருடிவிட்டதுபோல் முகம் சுருங்கியது. பிறகு இடப்பக்கம் வந்து ஏறினாள்.

எங்கள் தீவில் பஸ்ஸுக்கு வலப்பக்கம் கதவு இருந்த காலம் ஒன்று உண்டு. போருக்குப் பிறகு தீவை ஆண்ட அமெரிக்கர்கள் போட்ட சட்டப்படி அப்போது எல்லா வண்டிகளும் வலப்பக்கமாகத்தான் ஓடின. எழுபத்தெட்டில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அன்று சிஸுரு பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கவில்லை.

சாயங்காலம் டிப்போவில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது அவள் விசில் ஊதி வழிகாட்டினாள். அதுவும் தப்பான பக்கத்தில் நின்று. கையை நீட்டி மடக்கும் விதத்தைப் பார்த்ததும், பழைய மெக்கானிக் சினென் கையிலிருந்த தேநீரைக் காலில் கொட்டிக்கொண்டார்.

"யோனமினே, உன் தங்கச்சிக்கு இந்த விசில் யாருப்பா சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"இது சுமியேவோட விசில். நீ வேலைக்கு வர்றதுக்கு முந்தி இங்க கைடா இருந்த பொண்ணு. புழுக்கமா இருக்குன்னு சீருடையக் கழட்டி வண்டியில மாட்டிட்டு, காணாமப் போன பயணியத் தேடி கானாமுய் கிணத்துப் பக்கம் போனா. பயணி வந்துட்டாரு. அவ வரல. நாய விட்டும் தேடினாங்க."

"அந்தச் சீருடை?"

சினென் தலையைக் குனிந்துகொண்டார். "கம்பெனிக்காரன் எதத் தூக்கிப் போட்டிருக்கான்? துவைச்சு ஸ்டோர்ல மாட்டினான். அளவு யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையையே பிடித்திருப்பேன். அவர் என்ன செய்வார்? உடுத்தியிருந்ததைக் கொண்டு போ என்றாள் தோமி. கொண்டு போனேன். அது யாருடையது என்று கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. போதாததற்கு, பெயரைக்கூடச் சொல்லாமல் 'வாம்மா' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

அந்த நிமிடமே கிளம்பினேன். லீவாவது மண்ணாவது. வீட்டில் அவளுடைய சொந்த மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு ஓட்டினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் சட்டையை விரித்துத் தரையைத் தட்டி, இம்முறை குடும்பப் பெயரோடு கூப்பிட்டேன்.

"சிஸுரு! யோனமினே சிஸுரு! அண்ணன் வந்திருக்கேன்."

சத்தமே இல்லை.

தவளைகூட நின்றுவிட்டது.

"அண்ணே."

மிக அருகில். என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"ஏன் இவ்வளவு நாள்? அன்னிக்கு வந்து யாரையோ தூக்கிட்டுப் போனியே. நான் பின்னாலயே கத்தினேன். நீ திரும்பியே பார்க்கல."

மஞ்சள் சட்டையைச் சுருட்டித் தூக்கினேன். அதே கனம். சட்டைக்குள் ஏதோ நடுங்கிக்கொண்டே இருந்தது. வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்து, வழியெல்லாம் ஒரு கையால் தட்டிக்கொடுத்தபடி ஓட்டினேன். "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு." பிறகு மெதுவாக ஒரு பாட்டு கேட்டது. காட்டு வழியில் பயணிகளுக்குப் பாட அவள் கற்றுக்கொண்டிருந்த பாட்டு.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. தோமி கூடத்தின் மூலையில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள்.

கதவை மறித்துக்கொண்டு என் தங்கையின் உடம்பு நின்றது. நீலச் சீருடை. தொப்பி. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தாள்.

நான் சட்டையை நீட்டினேன். "வழி விடு. இது அவ வீடு, அவ உடம்பு."

அவள் கோபப்படவில்லை. கால்களைச் சேர்த்து வைத்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது வெள்ளைக் கையுறை அணிந்த உள்ளங்கை என் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"மன்னிக்கணும். இந்த வண்டியில இடமில்ல. தயவுசெஞ்சு அடுத்த வண்டிக்குக் காத்திருங்க."

என் கையிலிருந்த சட்டைக்குள் பாட்டு நின்றுபோனது.

அந்த மஞ்சள் சட்டை வாசல் துணிக்கொடியில்தான் தொங்குகிறது. எத்தனையோ கோடை போய்விட்டது. இன்னும் காயவில்லை. ஒவ்வொரு முறை நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதும், காற்றே இல்லாவிட்டாலும், அதன் ஒரு கை மெல்ல உயர்கிறது, பஸ்ஸை நிறுத்தச் சொல்பவர்கள் நீட்டுவதுபோல.