ஒற்றைத் தட்டு

ரம்பக்காரன் தட்டுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

வெட்டுக்கத்தியை அவன் ஓங்கித்தான் இருந்தான். அதற்குள் காட்டின் உள்ளேயிருந்து 'டொம்' என்று ஒற்றைத் தட்டு. அங்கே பெரிய மரங்களின் வேர்கள் ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாகப் புடைத்து நிற்கும். கத்தியின் முதுகால் அடித்தால் கவிழ்த்த அண்டா மாதிரி முழங்கும். இரண்டு தட்டினால், 'எங்கே இருக்கே?' ஒன்று தட்டினால், 'இதோ.' கேட்டவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்; பதில் சொன்னவன்தான் வர வேண்டும். பத்தடிக்கு அப்பால் கண் தெரியாத காட்டில் இரண்டு பேரும் நடந்தால் இரண்டு பேரும் தொலைவார்கள்.

ஆனால் அவன் இன்னும் கேட்கவே இல்லை.

"மாப்பிள்ளைக்கு ரொம்ப அவசரம்போல" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை அவன் தங்கை புருஷன். தங்கைக்கு இது எட்டாவது மாதம். "நான்தானே கூட்டிட்டுப் போறேன், நானே முழுசா கொண்டுவந்து விடுறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த மரம் வெட்டும் வேலைக்கு இழுத்து வந்திருந்தான். மரத்தைச் சாய்க்குமுன் கொடிகளை அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உச்சியில் பின்னிக் கிடக்கும் கொடி, ஒரு மரத்தோடு நாலு மரத்தை இழுத்துத் தலையில் போடும். காலையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தபோதும் வாய்க்குக் குறைவில்லை.

"கொடி அறுக்கப் போறியா, குட்டித் தூக்கம் போடப் போறியா மாப்பிள்ளை?"

"தூங்கினா உங்க தங்கச்சி கனவுல வந்து திட்டுறா மச்சான். அதுக்கு வேலையே தேவலை."

அதன்பின் இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இரண்டு தட்டினான். பதில் ஒன்று. காத்திருந்தான். ஆள் வரவில்லை. மறுபடி தட்டினான். மறுபடி ஒன்று, அதே இடத்திலிருந்து.

"மாப்பிள்ளை! கால் கீல் மாட்டிக்கிச்சா?"

குரல் இலைகளுக்குள் போய் அமுங்கியது. உச்சிப் பகல். ஆனாலும் அடுக்கடுக்காக மூடிய இலைக்கூரைக்கு அடியில் விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம்தான். மேலே மழை இரைந்துகொண்டிருந்தது. அது கிளையில் இறங்கி, பாசியில் ஊறி, இலை நுனிகளில் வழுக்கித் தரைக்கு வந்து சேரப் பத்து நிமிடம் ஆகும். காற்றே இல்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டியது போலப் புழுக்கம். அதில் அழுகலின் இனிப்பு வாடை. இங்கே விழுந்தது எதுவும் தங்காது. எறும்பும் கறையானும் பூஞ்சையும் விடாது. வானத்தை முட்டும் காட்டுக்கு அடியில் ஒரு சாண் மண்தான் இருந்தது. மிச்சமெல்லாம் பசி.

தங்கையின் முகம் வந்தது. கேட்டவன் நடக்கக் கூடாது. நடந்தான்.

முதலில் சட்டை. ஒரு கொடியில் தொங்கியது. காலையில் மாப்பிள்ளை போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை. தொட்டான்; நனைந்த காகிதம் போல விரலோடு பிய்ந்து வந்தது.

"இதென்ன..."

டொம்.

அடுத்து ஒரு பூட்ஸ். உள்ளே வெள்ளைக் காளான்கள், விரல் விரலாக.

ஓடினான். வேர் தடுக்கியது. எழுந்தான்.

டொம். மிக அருகில்.

ஓர் அத்தி மரம். வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, சுற்றி நெரித்துக் கொன்று நிற்கும் சாதி. உள்ளே இருந்த மரம் என்றோ மக்கிப் போயிருந்தது. வேர்க்கூடு மட்டும் வெறுமையாக.

வெறுமையாக இல்லை.

வேர்களின் சந்துக்குள் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். நெஞ்சுக்குள் போன வேர் முதுகில் வந்து தரையைத் தொட்டிருந்தது. கன்னத்தில் பாசி. திறந்த வாயில் இரண்டே இலை விட்ட நாற்று. கண்ணிருந்த இடத்தில் எறும்புகள் வரிசை மாறாமல் போய்வந்தன. இரண்டு மணி நேரத்துக்கு முன் பேசிச் சிரித்தவன்; உடம்போ பல மாதங்களுக்கு முன் செத்தவனுடையது போல இருந்தது.

"மாப்பிள்ளை..."

கத்தி பிடித்த கை மட்டும் வேர்களுக்கு வெளியே நீட்டியிருந்தது.

அந்தக் கை மெல்ல உயர்ந்தது. அதைத் தூக்கியது தோள் அல்ல. மணிக்கட்டைச் சுற்றியிருந்த மெல்லிய வெள்ளை வேர்.

டொம்.