விதைக்காத பிழை

வியாழக்கிழமை வகுப்பில் ஒரு பொய் சொல்லியாக வேண்டும். என்ன பொய் என்பதைக் காலையில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் தில்லைநாயகி தீர்மானித்துவிடுவாள். பெரிய பொய்யாக இருந்தால் மாணவர் உடனே சிரித்துவிடுவார். ரொம்பச் சின்னதாக இருந்தால் கண்டுபிடித்தும் பிரயோஜனம் இல்லை. சோற்றில் கிடக்கும் கல் மாதிரி, மென்றால்தான் தெரிய வேண்டும். அன்றைக்கு ஏரி ஷட்டர் ஒன்றின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதென்று முடிவு செய்துகொண்டு, தலையைப் பின்னி முடித்து, பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினாள்.

நீராளுகைப் பல்கலைக்கழகத்தில் அவள் வழித்துணை. பேராசிரியர் என்று இப்போது யாரும் கிடையாது. பாடம் சொல்லித்தரத் துணைமதி என்ற இயந்திர அறிவு இருக்கிறது. அது தூங்குவதில்லை, சலித்துக்கொள்வதில்லை, எதைக் கேட்டாலும் காற்றுத்திரையில் விரித்துக் காட்டிவிடும். பிறகு மனிதர் எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். தில்லைநாயகி சிறுமியாக இருந்தபோது ஆற்றோர நகரம் ஒன்றில் ஒரு சென்சார் பழுதாகி, ஷட்டரைத் திறக்க வேண்டாம் என்று துணைமதி சொன்னது. கன்ட்ரோல் ரூம் முழுக்க நன்றாகப் படித்தவர்கள். தண்ணீர் கரையைத் தொடுவதை ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். இது தப்பு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் வெள்ளத்தில் போன பிறகு சட்டம் வந்தது. கடைசி ஒரு வருடம் ஒரு மனிதரிடம் தனியாகப் பயிலாமல் யாருக்கும் பட்டம் இல்லை. அந்த மனிதர் வாரத்துக்கு ஒரு தவறைத் தெரிந்தே பாடத்தில் கலக்க வேண்டும். அதற்கு விதைப்பிழை என்று பெயர், பேச்சில் வெறும் விதை. அடுத்த புதனுக்குள் மாணவர் அதைக் கண்டுபிடித்து முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழித்துணையே எடுத்துச் சொல்லிவிடுவார். துணைமதிக்கு அந்த வகுப்பறைக்குள் அனுமதி கிடையாது, பாடத்தை அதனிடம் காட்டிச் சரிபார்க்கவும் கூடாது. எது விதை, எது விதையில்லை என்பதற்கு வழித்துணையின் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

ஒருவருக்கு வருடத்துக்கு ஒரே மாணவர். அந்த வருடம் அவளுக்கு வாய்த்தவர் பரங்கிப்பேட்டை ஹாஜிரா. தில்லைநாயகியைவிட மூத்தவர், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு படிக்க வந்தவர். தை மாதம் சேர்ந்த புதிதில் அவருக்கு ‘விதை’ என்று சொல்ல நாக்கே எழவில்லை. நான்தான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று ஆரம்பித்து ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார். மற்ற வழித்துணைகள் என்றால் பரிதாபப்பட்டு எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். தில்லைநாயகி எடுத்துக்கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் ஒருநாள் ஹாஜிரா நிமிர்ந்து பார்த்து, “மேடம், இது தப்பு” என்றார். சொன்ன கையோடு அழுதார். மாமியாரிடமும் கணவரிடமும் உப்பு எவ்வளவு என்று கேட்டால்கூடப் பதில் சொல்லும் வீட்டுத் துணைமதியிடமும் இத்தனை வருடத்தில் ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னதில்லையாம். தில்லைநாயகிக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. இந்த வேலைக்கு வந்ததற்கு இது போதும் என்று நினைத்தாள்.

மாசியில்தான் அது நடந்தது. புதன்கிழமை ஹாஜிரா சிரித்த முகத்தோடு வந்து, இந்த வார விதை கிடைத்துவிட்டது என்றார். முதல் மழையைக் காய்ந்த மண் பாதிக்குப் பாதி குடித்துவிடும், ஏரிக்குக் கொஞ்சம்தான் வந்து சேரும். நனைந்த மண் குடிக்காது, அடுத்த மழை அப்படியே ஏரிக்கு ஓடி வரும். மேடம் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டீர்கள், சரிதானே என்று கேட்டார்.

தில்லைநாயகி அந்த வாரம் விதைத்தது வேறு. மண்ணைப் பற்றிச் சரியாகச் சொன்னதாகத்தான் அவளுக்கு ஞாபகம். உண்மையான பிழை செய்த வழித்துணையை மூளை ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் வேலை போகும், மாணவரின் அந்த வருடமும் செல்லாது. அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே பெற்ற பிள்ளைகளின் பெயர் மாறிப்போனது.

“ஆமாம் அக்கா,” என்றாள். “விதைதான்.”

அதற்குப் பிறகு அவள் விதைக்காத பிழை வாரத்துக்கு ஒன்று ஹாஜிராவுக்குக் கிடைத்தது, சில வாரம் இரண்டு. களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்கேனுக்கு நேரம் குறித்தாள், மறுநாளே ரத்து செய்தாள். ஆவணியில் பல்கலைக்கழகம் அவளைச் சிறந்த வழித்துணையாகத் தேர்ந்தெடுத்தது. இவருடைய விதைகளில் செயற்கை வாடையே இல்லை, உண்மைத் தவறு போலவே இருக்கின்றன என்று துணைவேந்தர் மேடையில் புகழ்ந்து பொன்னாடை போர்த்தினார். கூட்டம் கை தட்டியது. ஹாஜிராவும் தட்டினார். தில்லைநாயகி தலையைக் குனிந்துகொண்டாள், எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் கைப்பொறுப்பு நாள் வந்தது. பட்டத்துக்கு முந்தைய கடைசிச் சோதனை அது. நிஜ ஏரி, நிஜ மழை. துணைமதி ஆலோசனை சொல்லும், வழித்துணை ஆலோசனை சொல்வார், ஆனால் ஷட்டரின் பொத்தான் மாணவரின் விரலில்தான் இருக்கும். அன்று ஒரு நாள் மட்டும் வழித்துணை விதைக்கக் கூடாது.

நெடுந்தோப்பு ஏரியின் கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே விடிந்ததிலிருந்து அடைமழை. போன வாரமும் பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு ஷட்டரை இப்போதே திறக்க வேண்டும் என்றது துணைமதி. தில்லைநாயகி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு பிசிறில்லாமல் வந்தது. இதில் பாதியை மண் குடித்துவிடும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், துணைமதி வீணாகப் பயப்படுகிறது என்றாள். ஹாஜிரா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி இரண்டு ஷட்டரையும் திறந்தார். வெளியே எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

“மண்ணு போன வாரமே குடிச்சு முடிச்சிருச்சு மேடம். இனி ஒரு சொட்டு குடிக்காது. இதைத்தான் மாசியில மாத்திச் சொன்னீங்க.”

“அக்கா, இன்னைக்கு நான் விதைக்கல.”

“தெரியும். அன்னைக்கும் விதைக்கலைன்னு தெரியும்.”

தில்லைநாயகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஹாஜிரா பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். அந்தப் புதன்கிழமை ‘ஆமாம்’ என்று சொல்வதற்கு முன்னால் மேடத்தின் கண் ஒரு நொடி அலைந்ததாம், அப்போதே புரிந்துவிட்டதாம். அதன் பிறகு வந்ததையெல்லாம் விதை விதை என்று தானே சொல்லி மூடிக்கொண்டே வந்தாராம். “உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு வாயைத் திறந்துவிட்டது நீங்க. உங்களைப் பத்தி மட்டும் சொல்ல வரல எனக்கு. அது நான் செஞ்ச தப்பு மேடம்” என்றார்.

தில்லைநாயகிக்குக் கோபம் வரவில்லை. அவமானம் வந்தது, அதற்குப் பின்னாலேயே ஒரு நன்றியும் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள். அதற்குள் வேறொரு நினைப்பு வந்து கையை அப்படியே நிறுத்தியது. மாசியில்தானே ஹாஜிரா கண்டுபிடித்தார். பிழை மாசியில்தான் தொடங்கியது என்று யார் சொன்னது? விதைத்த பிழையை மாணவர் பிடிக்காவிட்டால் புதன்கிழமை அவளே சொல்லிவிடுவாள். அவளுக்கே தெரியாத பிழையை யாரும் பிடிக்காவிட்டால் அது பாடமாகவே நின்றுவிடும்.

போன வருடம் அவளிடம் பயின்றவன் சேந்தன். பணிவான பிள்ளை. வருடம் முழுக்க விதைகளைக் கோட்டை விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவன். இப்போது கல்மேடு அணையில் ஷட்டர் பொறுப்பாளர். அங்கேயும் இதே மழைதான்.

போனை எடுத்ததும் சேந்தன் குரலில் உற்சாகம் ததும்பியது. “உங்களைத்தான் நெனச்சிட்டிருந்தேன் மேடம். காலையிலேர்ந்து துணைமதி திற திறன்னு சொல்லுது. நான் அசைஞ்சு கொடுக்கல. மண்ணு பாதியைக் குடிச்சிரும்னு நீங்க சொன்னதை வச்சு மறுத்துட்டேன்.”

“சேந்தா, நான் சொன்னது தப்பு. இப்பவே திறந்துவிடு.”

அவன் சிரித்தான். “விதையா மேடம்? பட்டம் வாங்கினதுக்கப்புறமும் விட மாட்டீங்களா?”

அவள் சத்தியம் செய்தாள். அவன் மரியாதையாகவே மறுத்தான். வகுப்பில் எல்லாவற்றையும் நம்பி ஏமாந்தவன் இனி ஏமாறமாட்டான் என்று சொன்னான். அப்படிச் சொன்னபோது அவன் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைக் கேட்கத்தான் போன வருடம் முழுக்க அவள் ஏங்கியிருந்தாள். கெஞ்சக் கெஞ்ச அவன் இன்னும் உறுதியானான். கெஞ்சுவதும் விதையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

“சரிப்பா,” என்றாள் அவள். “என்னை நம்பாத. முன்னே சொன்னதையும் நம்பாத, இப்ப சொல்றதையும் நம்பாத. எனக்கு மூளை சரியில்ல. இங்கே ஹாஜிரான்னு ஒருத்தங்க இருக்காங்க, என் மாணவி. என் தப்பை முதல்ல கண்டுபிடிச்சவங்க. அவங்களோட சேர்ந்து முதல்லேர்ந்து நீயே பாரு.”

வெளியே சொல்லியாகிவிட்டது. அணைக்குப் போகும் போன் பேச்செல்லாம் பதிவாகும். அவள் வேலையும் ஹாஜிராவின் பட்டமும் அந்த ஒரு நிமிடத்தில் போயின. ஹாஜிராவுக்கும் அது தெரியும். போனை வாங்கிக்கொண்டார்.

அவர் சேந்தனிடம் எதையும் சொல்லவில்லை, கேட்டார். போன வாரம் பெய்த மழைக்கு அணை எவ்வளவு ஏறியது, இன்று காலை பெய்த மழைக்கு எவ்வளவு ஏறியது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் தம்பி என்றார். அவன் படித்துக் காட்டினான். ஒரே அளவு மழைக்கு இன்று அணை இரட்டிப்பாக ஏறியிருப்பதைப் பாதியிலேயே அவன் கண்டுகொண்டான். சற்று நேரத்தில் போனுக்குள்ளிருந்து கல்மேட்டுச் சங்கு ஊதும் சத்தம் வந்தது. கீழ்த்தெருக்களில் தண்ணீர் ஏறும், அதைத் தவிர்க்க நேரம் கடந்துவிட்டது, ஆனால் ஜனங்கள் மேட்டுக்குப் போக அவகாசம் இருக்கிறது என்று அவன் வறண்ட குரலில் தெரிவித்தான்.

அவன் போனை வைக்கவில்லை. மேடத்திடம் கொடுங்கள் என்றான்.

“வேற எதெல்லாம் தப்பு மேடம்?”

அவள் வாயைத் திறந்தாள். ஆற்றின் வேகம், கரையின் பலம், கதவின் எடை என்று ஒரு வருடத்துப் பாடம் ஒவ்வொன்றாக நினைவில் வந்தது. எல்லாமே ஒரே மாதிரி சரியாகத் தோன்றின. மாற்றிச் சொன்ன மண்ணும் அவற்றுக்கு நடுவில் அதே தெளிவோடு சரியாகவே தோன்றியது. சேந்தனுக்கு முன்னால் பயின்றவர்கள் இன்னும் எத்தனையோ ஏரிக் கரைகளில் இந்த மழையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“தெரியலைப்பா,” என்றாள்.

ஹாஜிரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். சேந்தனை லைனில் இருக்கச் சொன்னார், முன்பு பயின்றவர்களையும் ஒவ்வொருவராக இதே அழைப்பில் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு குரலாக வந்து சேர்ந்தது. எல்லாக் குரல்களுக்கும் பின்னால் மழை கேட்டது.

“முதல் வகுப்புலேர்ந்து சொல்லுங்க மேடம்,” என்றார் ஹாஜிரா. “நாங்க கேக்குறோம்.”

தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டு, யாராவது தப்பு என்று சொல்வார்களா என்று காத்திருந்தாள்.