பெயர் சொல்லி எழுப்புதல்

பிணமாகக் கிடந்த மதிவாணன் எழுந்துபோய் டீ குடிக்கத் தொடங்கிய பிறகும், மேடையில் பரப்பியிருந்த வைக்கோலில் அவன் கிடந்த பள்ளம் நிமிரவே இல்லை. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, ஈரச் சாக்கும் பதரும் சேர்ந்து நாறிய ஒத்திகை நடக்கும் காலி நெல் குடோனின் ஓரத்தில் உட்கார்ந்து, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் கவிப்ரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் நனைந்திருக்கும், வேறென்ன.

கீழ்வேளூர்க் குழுவுக்குத் தை முதல் சித்திரை வரை ஐந்து நாடகங்கள். மூன்று சிரிப்பு, இரண்டு மர்மம். ஒத்திகையில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பிணமாக நடித்தவரை அவருடைய சொந்தப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் எழுந்திருக்க வேண்டும். கூப்பிடுவது கவிப்ரியாவின் வேலை. மாலை வகுப்பு முடிந்து ஓடி வருகிற அவசரத்தில் மறந்துவிடுவோமோ என்று பயந்து, அதற்கென்று நோட்டில் கட்டம் போட்டிருந்தாள். இன்றைய கட்டத்திலும் டிக் இருந்தது.

ஆனால் காட்சி முடிகிற நேரம் கரண்ட் போயிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் பிரதியைப் பார்த்தபடியே கூப்பிட்டாள். என்ன பெயர் சொன்னோம்? பக்கத்தைப் புரட்டினாள். அப்போது விரல் நின்றிருந்த வரி: 'சதாசிவம், கொலையுண்டவர்.'

மூன்று முறையும் அதைத்தான் சொல்லியிருந்தாள். "இருக்கேன்" என்று பதிலும் வந்திருந்தது.

மதிவாணன் அவளுடைய அண்ணன். துபாயில் வேலை போய்த் திரும்பி மூன்று மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்தவனை அவள்தான் இங்கே இழுத்து வந்தாள். அவன் முதல்முறை எல்லோரையும் சிரிக்க வைத்த அன்றுதான் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

"கூப்ட்டியாம்மா?" என்று கேட்டார் இயக்குநர் காதர் மைதீன்.

"கூப்ட்டேன் பாய்."

"அடுத்து சிரிப்பு நாடகம், கல்யாணப் பந்தி. மாப்பிள்ளைத் தோழரே, வாங்க. செத்ததுக்குக் கூலி ஒரு டீதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மதிவாணன் வந்து உட்கார்ந்தான். இன்னொரு அப்பளம் கேட்டுத் திக்கித் திணற வேண்டிய இடம். அவன் திக்கவில்லை.

"மதகுல வச்சுத்தான் குத்துனாங்க. தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு."

கல்யாணப் பெண்ணாக நடிக்கும் அனுராதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, அது அந்த நாடகம். இங்க அப்பளம் கேளுங்க."

கவிப்ரியா சிரிக்கவில்லை. கொலையுண்டவருக்குப் பிரதியில் வசனமே கிடையாது. திரை விலகும்போதே இறந்து கிடப்பவர். மதகும் எங்கேயும் வராது.

எழுந்தாள். இப்போதாவது சரியாகக் கூப்பிட்டுவிட வேண்டும்.

"மதிவாணன்."

மழை.

"மதிவாணன்."

கழுத்து அசையவில்லை. மூன்றாவது தடவை கத்தினாள்.

திரும்பினான். அண்ணனின் முகம்தான். அதில், முன்பின் தெரியாத பெண்ணிடம் காட்டுகிற மரியாதை.

"அது யாரும்மா?"

கேட்ட வாய் மூடவில்லை. பல்லிடுக்கில் ஏதோ வெள்ளையாக. நனைந்த பச்சரிசி. முதலில் ஒரு மணி. பிறகு நான்கைந்து. பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கரிசி முழுவதும் தாடை வழியாக மடியில் கொட்டியது. அதைத் துடைத்துக்கொள்ளாமல், அவள் பதிலுக்காக அவன் காத்திருந்தான்.