வெய்க்கோவின் அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபிளாப்பிகள்

கோட்கா நகரத் துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு ரைலி இருபத்தாறு வருடம் கழித்து இறங்கினாள். வெளியே ஜூன் மாத வெயில் கண்ணைக் கூச வைத்தது. உள்ளே ஈரச் சுவரின் வாடை, அதோடு பழைய புகையிலை வாடை. முன்னாள் கணவன் வெய்க்கோ மார்ச் மாதமே செத்துப்போயிருந்தான். வாடை மட்டும் போகவில்லை.

மேசையில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர். அலமாரி முழுக்கப் பெட்டி பெட்டியாக ஃபிளாப்பிகள், ஒன்றின் மேலும் பெயர் எழுதவில்லை. அவற்றில் ஏதோ ஒன்றில் மகள் ஹெல்வியின் குரல் இருந்தது. பதினோரு விநாடிதான். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்ட பிள்ளையின் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ரைலி கேட்கும்போதெல்லாம், "வேணும்னா வந்து தேடிக்கோ," என்று சொல்லிப் போனை வைத்துவிடுவான், வாசலில் நின்றால் கதவைத் திறக்கமாட்டான். அப்படியொரு கல்நெஞ்சன். திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்ய ஆட்கள் வருகிறார்கள்.

ரைலியின் தம்பி ஓனி ஒரு புரோகிராம் கொண்டுவந்திருந்தான். ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டான். ஃபிளாப்பியைச் செருகினால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்து, எண் போட்டு, பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அது இருக்கும் இடத்தை மட்டும் நாம் தட்டச்சு செய்ய வேண்டும்.

"ஃபிளாப்பி மூலையில இருக்கற பொத்தானைத் தள்ளிட்டுப் போடுடா. இல்லேன்னா மெஷின் அதுல எதையாவது எழுதிடும், அழிச்சிடும்."

"அறுநூறு தடவையா? என் நகம் என்ன இரும்பா? நம்மளை விட்டா இங்க வேற யாரு இருக்கா, அக்கா, அதுல எழுதறதுக்கு?"

சனிக்கிழமை மதியம் கடைசி ஃபிளாப்பி உள்ளே போனது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஓனி 'ஹெல்வி' என்று தேடினான்.

எண் 212. இருக்கும் இடம்: நான்காம் பெட்டி.

ரைலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓனி அதை எடுத்துச் செருகினான்.

காலி. ஒன்றுமே இல்லை.

மறுபடி தேடினான். இப்போது எண் 38 என்று காட்டியது. செருகினான். காலி.

எண் 505. அதுவும் காலி.

"என்னத்தடா அமுக்கித் தொலைச்சே?"

"நான் கையே வைக்கலக்கா."

அப்போது கம்ப்யூட்டருக்குள் கர்ர், கர்ர் என்று ஃபிளாப்பி ஓடும் சத்தம் கேட்டது.

505 ஓனியின் கையில் இருந்தது; உள்ளே ஃபிளாப்பியே இல்லை.

புகையிலை வாடை இப்போது பழையதாக இல்லை. சற்று முன் பற்றவைத்தது போல் மூக்கில் ஏறியது.

திரையில் பட்டியல் தானாகவே ஒரு வரி நகர்ந்தது.

எண் 613. ஹெல்வி.

இருக்கும் இடம்: என்னிடம்.

ஓனி பாய்ந்து மின்வயரைப் பிடுங்கினான். "அக்கா, எழுந்திரு. போயிடலாம்." அவன் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

திரை அணையவில்லை.

ரைலி நகரவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தாள்? மவுஸை அந்த வரியின்மேல் நகர்த்தி அமுக்கினாள்.

ஒலிபெருக்கியில் முதலில் ஒரு ஆணின் மூச்சு. பிறகு ஒரு குழந்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டது. ஹெல்வியேதான். பெற்றவளுக்குத் தெரியாதா?

"ஹெல்விக் கண்ணு," என்றாள் ரைலி.



"அப்பா," என்றது குழந்தை, "யாருப்பா இந்தப் பொம்பளை?"