உப்பு எங்கே போச்சுங்க?

பள்ளிக்கூடம் விட்டு வந்த லோகப்பிரியா, சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்பு மேடை பளபளத்தது. சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காணோம். அலமாரியில் ஒரே அளவில், ஒரே நீல மூடியோடு, புத்தம்புது டப்பாக்கள் வரிசையாக நின்றன.

"எப்படி இருக்குது கண்ணு?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார் தெய்வாத்தாள் அத்தை. அவர் அப்பாவின் அக்கா. சிங்காநல்லூரிலிருந்து ஒரு வாரம் தங்கிப் போக வந்திருந்தார். "காலையில இருந்து ஒத்தையாளா செஞ்சுபோட்டேன். டப்பாவும் நானே போய் வாங்கிட்டு வந்தேன்!"

"பழைய டப்பா எல்லாம் எங்கீங்க அத்தை?"

"அதையா கேக்கற? ஒன்னு வட்டம், ஒன்னு சதுரம், ஒன்னுக்கு மூடியே நெளிஞ்சு கெடக்குது. மூட்டை கட்டி லிஃப்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டேன். நாளைக்குப் பழைய சாமான்காரர் எடுத்துக்குவாரு."

லோகப்பிரியாவின் முகம் சிவந்தது.

"அம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"சுத்தம் பண்றதுக்கு எதுக்கு கண்ணு கேக்கோணும்?"

லோகப்பிரியாவின் அம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே கண் தெரியாது. அவர் வங்கியில் வேலை பார்த்தார். கணினி பேசுவதைக் காதால் கேட்டு, மளமளவென்று தட்டச்சு செய்வார். வீட்டில் அப்பா காய் நறுக்குவார், பாத்திரம் கழுவுவார். சமையல் அம்மாதான்.

சதுர டப்பா என்றால் சர்க்கரை. ரப்பர் பேண்டு போட்ட பாட்டில் என்றால் உப்பு. மூடி நெளிந்திருந்தால் மிளகாய்த்தூள். தொட்டவுடன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அம்மாவுக்கு எப்படீங்க தெரியும்?"

"அதுக்குத்தான் ஒவ்வொன்னுலயும் பேரு எழுதி ஒட்டியிருக்கேன் பாரு!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அத்தைக்கே உறைத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, வேணுங்கறத நாம எடுத்துக் குடுத்தாப் போச்சு."

"எங்கம்மாவுக்கு யாரும் எடுத்துக் குடுக்க வேண்டியதில்லீங்க!"

லோகப்பிரியா தன் அறைக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

மாலையில் அம்மா வந்தார். கைகால் கழுவிவிட்டு வழக்கம்போல் டீ போடப் போனார். சத்தம் கேட்டு லோகப்பிரியாவும் பின்னால் வந்து நின்றாள்.

அம்மாவின் கை அலமாரிக்கு நீண்டது. ஒரு டப்பாவைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது. அப்படியே நின்றது.

"லோகா, டீத்தூள் எங்க கண்ணு?"

அம்மா இப்படி ஒரு கேள்வி கேட்டு லோகப்பிரியா கேட்டதே இல்லை.

அம்மா ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்தார். மல்லித்தூள். கரண்டி எடுக்கக் கையை நகர்த்தினார். கரண்டிகளோடு, கூர்முனை மேலே தெரிய அத்தை வைத்திருந்த கத்தியும் நின்றிருந்தது. விரல் பட்டதும் அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நல்லவேளை, காயம் இல்லை.

"ரொம்பச் சிரமப்பட்டு சுத்தம் பண்ணியிருக்கீங்க அண்ணி," என்றார் அம்மா மெதுவாக. "இன்னைக்கு டீ நீங்களே வெச்சுருங்க."

பிறகு கூடத்துக்குப் போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

லோகப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் காதருகே போய், "ஏனுங்மா, நீங்க ஒன்னுமே சொல்லல?" என்று கேட்டாள்.

"பெரியவங்க. ஆசையாச் செஞ்சிருக்காங்க."

"ஆசையாச் செஞ்சா தப்பு சரியாயிருமா?"



லோகப்பிரியா விடுவிடுவென்று வெளியே போனாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டையைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அட, குப்பையத் திரும்ப ஊட்டுக்குள்ள கொண்டு வாரயா?" என்று பதறினார் அத்தை.

"குப்பையில்லீங்க. நீங்க பேரு எழுதி ஒட்டுனீங்கல்ல? அம்மாவுக்கு இந்த டப்பாதானுங்க பேரு."

அத்தை வழியை விட்டு விலகி நின்றார்.

லோகப்பிரியா டப்பாக்களைக் கழுவித் துடைத்தாள். ரப்பர் பேண்டு பாட்டிலில் உப்பைக் கொட்டினாள். அதை எங்கே வைப்பது? இடது பக்கமா, வலது பக்கமா? தினமும் பார்க்கிற அலமாரிதான். இப்போது பார்த்தால் எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

அம்மா நிற்கிற இடத்தில் போய் நின்றாள். கண்களை இறுக மூடினாள். அம்மா சாம்பார் வைக்கும்போது கை எப்படிப் போகும்? வலது கை சற்றே உயர்ந்தால் உப்பு. அதற்கு அந்தப் பக்கம் மிளகாய்த்தூள். இடது கையை நீட்டினால் சர்க்கரை.

கண்ணை மூடியபடியே ஒவ்வொன்றாக வைத்தாள். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை ஒருமுறை அந்தக் கத்தியின் பக்கம் போனது. அத்தை சட்டென்று பாய்ந்து கத்தியை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு இழுப்பறைக்குள் படுக்க வைத்தார்.

"துவரம்பருப்பு எதுல இருந்துச்சு கண்ணு?" என்று கேட்டபோது அத்தையின் குரல் இறங்கியிருந்தது.

"அது எனக்கும் மறந்துபோச்சுங்க அத்தை."

அத்தை தயங்கித் தயங்கிக் கூடத்துக்குப் போனார்.

"அம்மணி... துவரம்பருப்ப எங்க வெக்கட்டும்?"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அம்மா சிரித்துக்கொண்டே எழுந்தார். "கீழ்த்தட்டுல, உயரமான பாட்டிலுங்க. இருங்க, நானே வாரேன்."

மூன்று பேருமாக மீதியை அடுக்கி முடித்தார்கள். நீல மூடி டப்பாக்களை அம்மா தட்டிப் பார்த்தார். "நல்லா கெட்டியா மூடுது. முறுக்கு, மிச்சர் போட்டு வெச்சுக்கலாம்," என்றார். பிறகு அலமாரித் தட்டை நீளவாக்கில் தடவினார்.

"வழுவழுன்னு இருக்குதுங்க அண்ணி! இத்தனை நாளா பிசுபிசுன்னு கையில ஒட்டும்."

அத்தையின் முகம் மலர்ந்தது. "அதுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் தேச்சேன் அம்மணி!"

"சரி, எனக்கு தோசை ஊத்தோணும். ரெண்டு பேரும் குறுக்க நிக்காதீங்க. வெளிய போங்க, வெளிய போங்க!"

அத்தையும் லோகப்பிரியாவும் கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். உள்ளே டப்பாக்கள் டக் டக்கென்று திறந்து மூடும் சத்தம் வேகமாகக் கேட்டது.

"உங்கம்மா நம்மளத் தொரத்திப்போட்டா பாத்தியா?" என்றார் அத்தை.

"ஆமாங்க அத்தை," என்றாள் லோகப்பிரியா. விரட்டப்பட்டதற்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.