தீப்புண்ணுக்கான படலம்

காலையில் எடுத்த படத்தில் வட்டமாக இருந்த துளை இப்போது சப்பையாகிப் போயிருந்தது.

குல்யாஷ் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். வெளியே அல்மாத்தி நகரத்தின் பனிப்புகை ஜன்னலை மூடியிருக்க, வெந்நீர்க் குழாயின் பெயிண்ட் சூட்டில் நாற, வெற்றிட பம்ப் விடாமல் உறுமிக்கொண்டிருக்க, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் அந்தப் பாலிமர் படலம் சாம்பல் நிறத் தேன்கூடாக விரிந்திருந்தது. தீப்புண்ணில் ஒட்டுவதற்கென்று அவர்கள் ஆய்வகத்தில் செய்தது. துளைகள் சீராக உள்ளன என்று அவள் சொன்னால் அடுத்த வாரம் குழந்தைகள் வார்டுக்குப் போகும்.

பெரிதாக்கினாள். துளையின் விளிம்பு தடித்து, உதடுபோல் மடிந்திருந்தது. மெல்ல மூடியது. திறந்தது.

"தவ்ரென், இங்க வாயேன். இது அசையுது."

படலத்தை வார்த்த தவ்ரென் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தான். "எலக்ட்ரான் கதிரோட சூடுக்கா. பிளாஸ்டிக் உருகி நீ பாத்ததே இல்லியா? காலைலேருந்து பட்டினி கெடந்தா ஓட்டையெல்லாம் வாயாத்தான் தெரியும்."

சூடாகவே இருக்கட்டும். கதிர் இதுவரை படாத மூலைக்கு நகர்த்தினாள். அங்கேயும் உதடுகள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன, கதிர் வந்த பக்கம். படலத்துக்குத் தங்கம் பூசி, காற்றை உறிஞ்சியெடுத்த நுண்ணோக்கியின் சிற்றறைக்குள் ஈரத்துக்கு இடமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோழை நூல்நூலாகத் தொங்கியது.

கதிரை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு, சிற்றறையைத் திறந்தாள். கெட்டுப்போன ஆட்டுக்கொழுப்பின் வாடை முகத்தில் அப்பியது. வாயைப் பொத்தினாள்.

"இத யாருக்கும் ஒட்டக் கூடாதுடா. எரிச்சிடலாம்."

"போக்கா! கொதிக்கிற எண்ணெய் கொட்டின கையில நானே ஒட்டிப் பாத்துட்டேன். தழும்புகூட இல்ல, பாரு."

சட்டைக் கையை மடித்து, மேசை விளக்குக்குக் கீழே நீட்டினான்.

தோல் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தேன்கூடு. வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெருத்த துளைகள். வெளிச்சம் பட்டதும் அத்தனையும் திரும்பின.

திறந்தன.

"இதமா இருக்குக்கா," என்றான் தவ்ரென், கண்கள் சொருக. "தொட்டுப் பாரேன்."

அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் அவன் பிடித்துவிட்டான். அவள் உள்ளங்கைக்கு அடியில், ஈரமாக, வெதுவெதுப்பாக, ஆயிரம் சின்ன உதடுகள் சப்பத் தொடங்கின.