மார்பளவில் ஒரு சுற்று

விழுந்து கிடந்த மரத்தின் துளிர்கள் வெயிலைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

புயல் அடித்து நான்கு மாதமாகிறது. உயர்ந்த மரங்கள் முறிந்து, காலங்காலமாக இருட்டில் கிடந்த தரையில் வெயில் கொட்டியதும், காடு அவசர அவசரமாக எழுந்துகொண்டிருந்தது. தோள் உயரத்துக்கு நாற்றுகள், அவற்றின் கழுத்தை நெரித்துக்கொண்டு ஏறும் கொடிகள், அழுகும் கட்டையின் புளித்த வாடை, எங்கோ சொட்டிக்கொண்டே இருக்கும் நீர். விதை சேகரிக்கக் கட்டிய வலைகளை அவிழ்த்து வருகிறேன் என்று புயலன்று இங்கே வந்த அவள் கணவன் வீடு திரும்பவில்லை. பத்தே நாளில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மரக் கணக்கெடுப்பு என்ற சாக்கில் அவள் ஒருத்திதான் இன்னும் தேடினாள். இன்றோடு அதுவும் முடிகிறது. அடுத்த மழையில் கொடிகள் எல்லாவற்றையும் மூடிவிடும்.

தலை முறிந்தும் சாகாத ஒரு மரத்தை மார்பளவில் நாடாவால் சுற்றினாள்.

"நூத்தி நாலு... இல்ல, நூத்தி ஆறு."

"ஏதாவது ஒண்ணு சொல்லும்மா," என்றார் குறிப்பேட்டோடு நின்ற மூத்த ஊழியர்.

"ஏறி ஏறி இறங்குதுண்ணே."

"மரத்துக்கு மூச்சு வாங்குதாக்கும். மேடேறி வந்தவன் நான்ல." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "போதும்மா. நாலு மாசமா ஒரு மரம் விடாம தடவிப் பாத்துட்ட. நான் முன்னால போய் வண்டிய எடுக்கிறேன், வந்து சேரு."

அவர் காலடிச் சத்தம் கொடிகளுக்குள் தேய்ந்தது.

மரத்தின் மறுபக்கம் புயல் கிழித்த வெடிப்பு. மரங்கள் தம்மேல் அறைந்த ஆணியையும் கட்டிய கம்பியையும் விழுங்குவது போலவே, புதுப்பட்டை இரண்டு பக்கமும் உதடாகத் தடித்து அந்தக் காயத்தை மூடிக்கொண்டு வந்தது. உள்ளே இருட்டு. கதகதப்பு.

கையை விட்டாள்.

விரல்கள் தட்டுப்பட்டன. இதே அளவு நாடாவை வருஷக்கணக்காக இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அவன் கட்டைவிரல். அவளுக்குத் தெரியாதா அது.

"ஏங்க," என்றாள்.

அந்தக் கை அவள் கையைப் பற்றியது. இறுக்கமாக.

"எங்கம்மா இருக்க?" தொலைவில் மூத்த ஊழியரின் குரல்.

பட்டை அவள் முழங்கையைத் தொட்டது. இப்போதும் கையை வெளியே இழுத்துக்கொள்ளலாம். நேரமிருந்தது.

மறு கையையும் உள்ளே விட்டாள். அவனுடைய இன்னொரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

பிறகு மூன்றாவதாக ஒரு கை.

நான்காவது.